கிதாபுத் தட்டில் ஒரு மர்ம நாவல்

அக்கரைப்பற்று பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், கல்முனை பஸ் நிலையத்தில் மற்ற டைம்கீப்பர்கள் எரிந்து விழுவார்கள். ஷரிபுதீன் மட்டும் கேட்டவரையே திருப்பிக் கேட்பார்.

"அக்கரைப்பத்தில ஆரு இரிக்கா? என்ன அவசரம்?"

அதில் குறும்பு எதுவும் இல்லை. உண்மையாகவே அவருக்கு அறிய வேண்டும். மரக்கூட்டுக்குள் விசிலும் நீலப் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அவர் பஸ்களைப் பார்த்ததைவிட ஆட்களைப் பார்த்ததுதான் அதிகம். ஒருமுறை ஒரு பெண் சேவலொன்றை இடுக்கிக்கொண்டு பொத்துவில் பஸ்ஸில் ஏறினாள். மாலையில் அதே சேவலோடு திரும்பி இறங்கினாள். விற்கக் கொண்டுபோனதா, வைத்தியம் பார்க்கவா, யாரிடமாவது காட்டிவிட்டு வரவா? கேட்பதற்குள் அவள் சனத்துக்குள் மறைந்துவிட்டாள். அந்தச் சேவல் ஷரிபுதீனின் தலைக்குள் ஒரு மாதமாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

வாப்பாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருந்தது. மகன் வாத்தியாராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சோதனையில் மகன் கோட்டை விட்டான். பிறகு ஷரிபுதீன் சாய்ந்தமருதில் ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்து, தையல் மெஷின் சத்தம் ஓயாத வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய், பஸ் நிலையத்து வேலையில் நிலைத்துவிட்டார். எழுத்தாளர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. எழுபத்தெட்டுக் கடைசியில் சூறாவளி வந்து தென்னைகளை றோட்டுக்குக் குறுக்கே படுக்கவைத்தபோது பஸ் ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருக்க ஆட்களும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் அவர் எழுதத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் 'கோமாரிக் கரையில் ஒரு வள்ளம்'.

மர்ம நாவல். கோமாரிக் கடற்கரையில், நிலவில்லாத ஓர் இரவில், உசனார் முதலாளியின் புது வள்ளம் காணாமல் போகிறது. பொத்துவிலில் இருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். காவல்காரன்மீது சந்தேகம், மருமகன்மீது சந்தேகம், பக்கத்து மீன்வாடிக்காரன்மீது சந்தேகம். கடைசிப் பக்கத்தில் பார்த்தால், கள்ளன் வேறு யாருமில்லை. வள்ளத்தைக் காணோம் என்று தலையில் அடித்துக்கொண்ட உசனார் முதலாளியேதான்.

எழுதி முடித்ததும் கூட்டாளிகள் கூடி யோசனை சொன்னார்கள்.

"வெளியீட்டு விழா ஒண்டு வைங்க மச்சான். நகைக்கடை முதலாளி ஒராள முதற்பிரதி வாங்கப் போடுவம். காசு என்வலப்போட வருவாரு. அச்சுக்கூலி ஒரே நாளில வந்திரும்."

"வரும். புத்தகம் ஆருட்டப் போகும்? என்னத் தெரிஞ்ச ஆக்கள்ட்டத்தான். அவங்க என்ட மூஞ்சிக்காக வாங்கிட்டுப் போய் அலுமாரிக்குள்ள வைப்பாங்க."

"பின்ன என்ன செய்யப் போறீங்க?"

"கடையில போடப் போறன். என்ன ஆரெண்டே தெரியாத ஒரு ஆள், சும்மா பேனை வாங்க வந்த ஆள், எடுத்துப் பாத்து, முதல் பக்கத்தில தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சி, கள்ளன் ஆரெண்டு கண்டு திடுக்கிடணும். ஒராள் போதும்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். ஷரிபுதீன் சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒராள்தான்.

அச்சடித்தவர் கடற்கரைப் பள்ளி வீதியில் அச்சகம் வைத்திருந்த மீராமுகைதீன் காக்கா. கலியாண அழைப்பிதழும் கடைக் கலண்டரும் அடித்துக்கொண்டிருந்தவருக்கு நாவல் புது வேலை. முன்னட்டைக்குப் பலகையில் வள்ளம் ஒன்றை வெட்டி, நன்றாகவே அடித்தார். அட்டை ஒட்டிய அன்று ஷரிபுதீனுக்கு வேலை நாள். மாலையில் போய்க் கட்டைப் பிரித்தார். முன்னட்டையில் வள்ளம் அழகாக மிதந்தது. புத்தகத்தைப் புரட்டினார். பின்னட்டை முழுவதும் பச்சை மையில், கொடிபோலப் பின்னிய அரபு எழுத்தில், ஆயத்துல் குர்ஸி. வீட்டு வாசற்படிக்கு மேலே காவலுக்காகச் சட்டம் போட்டு மாட்டுவார்களே, அந்தக் குர்ஆன் வசனம்.

"பின்னுக்கு வெறுமையாக் கிடந்திச்சி தம்பி," என்றார் மீராமுகைதீன் காக்கா. "போன வருசம் கலண்டருக்குச் செஞ்ச புளொக் கிடந்திச்சி. பச்சை மையும் மிஞ்சிக் கிடந்திச்சி. போட்டுட்டன். இதுக்குக் காசில்ல. பறக்கத்துக்கு, அல்லாஹ்ட அருளுக்கு."

மர்ம நாவலுக்கு இது எதற்கு என்று கேட்க ஷரிபுதீன் வாயைத் திறந்தார். ஆனால் ஆயத்தை எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அழகாகவும் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே கச்சிமுகம்மது ஹாஜியாரின் புத்தகக் கடை. பள்ளிக்கூடக் கொப்பி, பேனை, பஞ்சாங்கம், யாசீன் கிதாபு மாதிரி மார்க்கப் புத்தகங்கள், இந்தியாவிலிருந்து வரும் மர்ம நாவல் எல்லாம் அங்கே கிடைக்கும். எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கப்பலில் வந்து குவிந்த அந்த நாவல்களைக் கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். ஷரிபுதீன் முதலில் கேட்டது அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

"ஹாஜியார், ஒரு புத்தகம் எப்படி இந்தக் கயித்துக்கு வருது?"

ஹாஜியாருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. இத்தனை வருசத்தில் யாரும் கேட்டதில்லை.

"கொழும்பில ஏஜென்ட் இரிக்கான். அவன் பொட்டியில போட்டு அனுப்புறான். நான் அட்டையப் பாப்பன். அட்டை பளிச்செண்டு இருந்தாக் கயித்தில. கயித்தில தொங்கிறது தானா விக்கும். றோட்டால போறவன் பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்தில பாப்பான், எடுப்பான். கண்ணாடிக்குள்ள இரிக்கிறது கேட்டாத்தான் விக்கும். உள்தட்டுக்குப் போன புத்தகம் கபுறுக் குழிக்குள்ள போன மாதிரி. ஒருத்தனும் தேடி வரமாட்டான்."

"அப்ப என்டதக் கயித்தில போடுங்க."

"ஒன்டதா? நீ எழுதினதா?" ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். வள்ளத்தைப் பார்த்தார். "பளிச்செண்டுதான் இரிக்கி. நாலில ஒரு பங்கு எனக்கு. விக்காத மிச்சம் ஒனக்கு. டிசம்பர் பிறந்தாக் கொப்பிக் கட்டு வரும் மகன், கடையில கால் வைக்க இடமிரிக்காது. அதுக்குள்ள விக்கணும். விக்காட்டித் தூக்கிட்டுப் போயிரணும், மூஞ்சியக் கோணலாக்கப்படாது."

"ஓம் ஹாஜியார்."

மறுநாள் காலையில் கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார் ஷரிபுதீன். கயிற்றில் வள்ளம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பொறுக்க முடியாமல் றோட்டைக் கடந்து போனார்.

கடையின் மேற்குச் சுவரில், எல்லாவற்றுக்கும் உயரத்தில், சின்னத் திரை போட்ட ஒரு தட்டு. குர்ஆனும் கிதாபுகளும் அங்கேதான் இருக்கும். அவற்றின் நடுவே, ஊதுபத்தி மணத்துக்குள், அவருடைய நாவல்கள் பச்சைப் பின்னட்டையைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. வள்ளம் சுவர்ப் பக்கம்.

"கயித்தில எண்டுதானே கதைச்ச ஹாஜியார்?"

"நீ பின்னட்டையக் காட்டினாயா எனக்கு? ஆயத்துல் குர்ஸிக்குக் கிளிப்பப் போட்டுத் தொங்கவிடச் சொல்றியா? பக்கத்தில தொங்கிறது என்ன படம் எண்டு பாத்தியா?"

பக்கத்தில் தொங்கிய அட்டையில் சுடுவதற்கு நீட்டிய துவக்கும் குட்டைப் பாவாடையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஷரிபுதீன் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

"சரி, தட்டிலதான் வைங்க. வள்ளம் தெரியிற மாதிரித் திருப்பி வைக்கலாமே?"

"அப்ப ஆயத்து சுவரப் பாத்துக்கிட்டு நிக்கும். ஏலா மகன். ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

மரியாதை என்னவோ பெரிய மரியாதைதான். வாப்பா கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். ஆனால் மர்ம நாவல் தேடுகிற எவன் வுழுச் செய்து, கைகால் கழுவிச் சுத்தமாகி, ஸ்டூலில் ஏறி அந்தத் தட்டில் கை வைப்பான்?

மிச்சப் பிரதிகளில் ஒரு கட்டைக் காரைதீவுக்குக் கொண்டுபோனார். அங்கே சந்தியில் கடை வைத்திருந்த நல்லரெத்தினம் பழைய பள்ளிக்கூடக் கூட்டாளி. இந்து மனிதர், அவருக்கு இந்தச் சங்கடம் இருக்காது என்று ஷரிபுதீன் நினைத்தார். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது, கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் நாவல்கள் அடுக்கியிருந்தன. முன்னால் ஒரு செவ்வரத்தம் பூ வேறு.

"வேத வசனம் போட்ட புத்தகத்தக் கண்ட இடத்தில வைக்கேலுமா ஷரிபுதீன்?" என்றார் நல்லரெத்தினம். "காலையில பிள்ளையாருக்குக் காட்டுற சாம்பிராணிய இதுக்கும் காட்டுறன். ஒண்டுக்கும் யோசியாத."

"வித்திச்சா?"

"ஒரு சனமும் தொடுதில்ல. சாமிச் சாமான் எண்டு நினைக்குதுகள் போல."

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் பொத்துவில் பஸ் கொண்டக்டர் கூட்டுக்குள் தலையை நீட்டினான்.

"டைம்கீப்பர், உசனார் முதலாளியச் சிறையில போட்டு எத்தின வருசம் மறியல் குடுத்தீங்க?"

ஷரிபுதீன் திடுக்கிட்டார். "புத்தகம் வாங்கினியா?"

"இல்ல, கேள்விப்பட்டன்."

மறுநாள் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார். "உங்கட கதையில முதலாளியே கள்ளனாமே? நல்லாக் குடுத்தீங்க!" அவரும் வாங்கவில்லை. வளையல் விற்கிறவருக்கும் தெரிந்திருந்தது. புத்தகம் விற்கவில்லை, ஆனால் கள்ளனின் பெயர் மட்டும் ஊரெல்லாம் திரிந்தது.

நாவலில் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த வேலையைத் தானே செய்ய வேண்டி வந்தது ஷரிபுதீனுக்கு. கடைசிப் பக்கம் யார் யாருக்குத் தெரியும்? முதலில் வீட்டில் விசாரித்தார்.

"எனக்கா?" ஸுல்பிகா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்க வாசிச்சிக் காட்டின அண்டைக்கு இன்ஸ்பெக்டர் பஸ்ஸால இறங்க முன்னமே நான் நித்திரயாயிட்டன். இண்டைக்கு வரைக்கும் கள்ளன் ஆரெண்டு எனக்குத் தெரியா."

மீராமுகைதீன் காக்கா கையை விரித்தார். "நான் எழுத்துக் கோக்கிற ஆள் தம்பி. ஒவ்வொரு எழுத்தாப் பாக்கிறன். கதை எனக்குத் தென்படாது."

ஆக மிஞ்சியது ஹாஜியார் ஒருவர்தான். வாடிக்கையாளருக்குப் புத்தகத்தைப் புகழுகிறேன் என்று முடிவையே உளறிக்கொண்டிருக்கிறார், வேறு யார்? இதற்குள் நவம்பர் மழை பிடித்திருந்தது. மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம், நனைந்த சட்டையோடு ஷரிபுதீன் கடைக்குள் ஏறினார்.

"ஏன் ஹாஜியார் கள்ளனச் சொல்லித் திரியிறீங்க?"

"எந்தக் கள்ளன?"

"உசனார் முதலாளிய! கதையச் சொல்லலாம், முடிவச் சொல்லலாமா? விக்கிற ஆளே இப்படிச் செஞ்சா ஆரு வாங்குவான்?"

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "நான் படிக்கவே இல்ல ஒன்ட புத்தகத்த! பள்ளியில தொழுதிட்டு வந்த வாயோட சொல்றன். என்னக் கோள்காரனாக்குறியா? டிசம்பர் வரைக்கும் பாத்துக்கிட்டிரிக்கத் தேவையில்ல. ஏறு, ஸ்டூலில ஏறு. இப்பவே எல்லாத்தயும் தூக்கிட்டுப் போ."

சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி விழுங்க முடியுமா? ஷரிபுதீன் ஸ்டூலில் ஏறினார். கல்முனையில் இருந்த ஒரே நல்ல கடை. இதிலிருந்து இறக்கினால் புத்தகம் ஸுல்பிகாவின் மெஷினுக்குக் கீழேதான். அந்த ஒராள் இனி எங்கிருந்து வரப் போகிறார்?

முதல் புத்தகத்தை எடுத்த நேரத்தில் நிந்தவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தொப்பி போட்டிருந்தார். பள்ளிவாசலிலிருந்து நேரே வந்தவர், கையில் இன்னும் ஈரம் காயவில்லை.

"ஹாஜியார், மேல பச்சையில ஒரு கிதாபு இரிக்கே, அதக் கொஞ்சம் தாங்க பாப்பம்."

ஹாஜியார் ஸ்டூல் பக்கம் மோவாயைக் காட்டினார். ஷரிபுதீன் ஸ்டூலில் நின்றபடியே குனிந்து கொடுத்தார். அந்த மனிதர் கையைச் சாரனில் துடைத்து, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றினார். பிறகு பச்சை அட்டையைத் தன் பக்கம் வைத்து, குர்ஆனைத் திறக்கிற மாதிரியே, வலது பக்கமாகத் திறந்தார்.

மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஷரிபுதீனுக்கு எல்லாம் தெரிந்தது. அரபுக் கிதாபு நமது தமிழ்ப் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டை இருக்கும் இடத்தில்தான் அதற்கு முன்னட்டை. அட்டையில் ஆயத்தைக் கண்ட கை, ஓதப் பள்ளியில் அலிப் என்ற முதல் அரபு எழுத்துப் படித்த காலத்திலிருந்து பழகிய மாதிரியே திறக்கிறது. திறந்ததும் முதலில் கண்ணில் படுவது நாவலின் கடைசிப் பக்கம்.

அந்த மனிதர் நெற்றியைச் சுருக்கிச் சத்தமாக வாசித்தார். "'வள்ளத்தைத் திருடியது வேறு யாருமல்ல, உசனார் முதலாளியேதான்!' என்றார் இன்ஸ்பெக்டர்." நிமிர்ந்தார். "இது என்ன கிதாபு ஹாஜியார்? களவு எடுத்தா என்ன தண்டனை எண்டு சொல்ற சட்டமா?"

முதலில் சிரித்தது ஹாஜியார். கல்லாவைப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி கழன்று விழ விழச் சிரித்தார். ஷரிபுதீன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வந்த மனிதர் தான் ஏதோ பிழையாக ஓதிவிட்டதாக நினைத்து, புத்தகத்தைப் பத்திரமாகக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே போனார்.

"ஹாஜியார்," என்றார் ஷரிபுதீன், "என்ன மாப்பு செய்ங்க."

"செஞ்சிட்டன், செஞ்சிட்டன். ஒன்ட கள்ளன நானில்ல, ஓதிக் குடுத்த ஓதப் பள்ளி லெப்பைதான் காட்டிக் குடுத்திரிக்காரு." ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். "ஆனா மகன், இப்ப என்ன செய்யிற? டிசம்பர் அந்தா வருது."

அட்டையைக் கிழிக்கலாமா என்று ஷரிபுதீன் கேட்டபோது ஹாஜியார் காதைப் பொத்திக்கொண்டார். வெள்ளைத் தாளை ஒட்டி மறைக்கலாமா? ஆயத்தின் மேல் பசை பூசுவதற்கும் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஷரிபுதீன் புத்தகக் கட்டொன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னார்.

ஸுல்பிகா தையலை நிறுத்திக் கேட்டாள். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

"குர்ஆனுக்கு நாம என்ன செய்யிறம்? உறை தச்சுப் போடுறம்தானே. மறைச்சா மரியாதைக் குறைவா? மூடி வைக்கிறதுதான் மரியாதை. இதுக்கும் ஒரு உறை போட்டா என்ன?"

"இத்தினைக்கும் துணிக்கு எங்க போற?"

அவள் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். சூறாவளிக்குப் பிறகு வீட்டுக்கு வீடு சீமெந்து வந்து இறங்கியதில், வெறும் கடதாசிப் பைகள் மலைபோலக் கிடந்தன. சீமெந்து படாத உள்தாள் மண்ணிறமாக, தோல் மாதிரி உறுதியாக இருந்தது. அவள் வெட்டி, மூன்று பக்கம் மெஷினில் ஓடவிட்டாள். புத்தகத்தைச் செருகிய பிறகு நாலாவது பக்கத்தையும் சிவப்பு நூலால் தைத்துவிட்டாள்.

"அதையும் ஏன் புள்ள தைக்கிறாய்? பாக்க ஏலாமப் போயிருமே."

"பாக்க ஏலாமப் போகணும். காசு குடுத்தவன் நூலப் பிரிக்கட்டும். பின்னால திறந்து பாத்துட்டு ஊரெல்லாம் சொல்றவன் இனி என்ன செய்வான் பாப்பம்."

ஷரிபுதீன் உறையின்மேல் தன் நீலப் பென்சிலால் தலைப்பை எழுதினார். கீழே 'மர்ம நாவல்' என்று எழுதி, ஒரு வள்ளமும் போட்டுப் பார்த்தார். வள்ளம் செருப்பு மாதிரி வந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

ஹாஜியார் ஒன்றைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சீமெந்துப் பைக்குள்ள மர்ம நாவல். உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு பாக்காம எவன் வாங்குவான்?"

"அதத்தான் நானும் அறியணும் ஹாஜியார். கொப்பி வரும் வரைக்கும் கயித்தில போட்டுப் பாருங்க."

"போடுறன். இப்ப ஆயத்து உறைக்குள்ள. தொங்கினாக் குத்தமில்ல." ஆனாலும் துவக்குக்காரப் பெண்ணைக் கழற்றிக் கயிற்றின் மறுகோடிக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

பளபளக்கும் அட்டைகளுக்கு நடுவே மண்ணிறப் பொட்டலம் ஒன்று தொங்கினால் யாருக்குத்தான் கண் போகாது? பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள். அமுக்கிப் பார்த்தார்கள். "என்ன இரிக்கி இதுக்குள்ள?" "படமா?" "ஏன் தச்சிரிக்கி?" ஹாஜியார் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: "எனக்கும் தெரியா." சிலர் வாங்கினார்கள். அதிகமில்லை. கூட்டுக்குள்ளிருந்து ஷரிபுதீன் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். படித்தார்களா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை.

டிசம்பர் பிறந்தது. கொழும்பு லொறி வந்து கடை வாசலில் கொப்பிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த காலை அது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் நேரே கூட்டை நோக்கி வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார், கையில் குடை, மற்றக் கையில் வள்ளம் போட்ட புத்தகம்.

"நீங்கதானே இந்தக் கதை எழுதின ஷரிபுதீன்?"

"ஓம். நீங்க?"

"மீனாம்பிகை. காரைதீவு. இஞ்சதான் படிப்பிக்கிறன்." டீச்சர் புத்தகத்தைக் கூட்டின் பலகையில் வைக்கப் போய், பின்னட்டையைப் பார்த்து, கையிலேயே வைத்துக்கொண்டார். "நூலைப் பிரிச்ச பிறகுதான் ஆயத்து இருக்கெண்டு கண்டன். படிச்சு முடியும் மட்டும் நிலத்தில வைக்கல்ல. அது கிடக்கட்டும். உங்களிட்ட ஒரு விசயம் கேக்கணும். உசனார் முதலாளிய ஏன் புடிச்சிங்க?"

பொத்துவில் பஸ் கொண்டக்டர் பக்கத்தில் நின்றான். "டீச்சர், அவருதானே கள்ளன்! ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சது கடைசிப் பக்கம். நான் முழுக்கப் படிச்சன்." டீச்சர் பக்கங்களை மடமடவென்று புரட்டினார். "இஞ்ச பாருங்க. அவருக்கு மாலைக்கண் எண்டு எழுதியிருக்கீங்க. பொழுது பட்டா மருமகன் கையப் புடிச்சுத்தான் பள்ளிக்குத் தொழப் போறவர். நிலவில்லாத இரவில, அந்த மனிசன், தனிய வள்ளத்தத் தள்ளிக் கடலுக்குக் கொண்டுபோனாரோ?"

ஷரிபுதீன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். இருந்தது. அவருடைய எழுத்துத்தான். பாவம் வயதான மனிதர் என்று வாசிப்பவருக்கு இரக்கம் வரட்டும் என எழுதி, பிறகு அடியோடு மறந்துபோன வரி. காது சூடாகியது. கூட்டைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"இவரக் கொண்டுபோய் மறியலில போட்டுட்டீங்களே!" என்றார் டீச்சர். உண்மையான கோபம். "எனக்குப் படிச்சு முடிய நெஞ்சு ஆறல்ல."

"அப்ப… ஆரு டீச்சர் எடுத்த?"

"அதையும் நான் சொல்லணுமா? அவர்ட பெண்சாதி பாத்தும்மா. வள்ளம் காணாமப் போன அடுத்த நாள் காலையில அவட சீலை ஈரமாக் கொடியில தொங்குது. நீங்கதானே எழுதினீங்க? மழை இல்லாத மாசம். இரவில கடலுக்குள்ள இறங்காம அது எப்படி நனையும்?"

சீலை. ஆமாம், சீலை ஒன்று தொங்கியது. வீட்டு முற்றம் வெறுமையாக இருக்கிறதே என்று தொங்கவிட்ட சீலை.

"இல்ல டீச்சர்," என்றான் கொண்டக்டர், தான் ஒரு வரியும் படிக்காதவன் என்பதை மறந்து, "பொம்பிள ஒராளால வள்ளம் தள்ள ஏலுமா?"

"தனியத் தள்ளினா எண்டு ஆர் சொன்ன? காவல்காரன் எங்க போனான் அண்டைக்கு? படிச்சிப்போட்டு வந்து கதைங்க தம்பி."

டீச்சருக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். கொண்டக்டர் கொஞ்சம் யோசித்தான். பிறகு றோட்டைக் கடந்து ஹாஜியாரின் கடைக்கு ஓடினான். அவன் பின்னால் தேத்தண்ணிக் கடைக்காரரும் போனார். கள்ளனை முன்பே தெரிந்து வைத்திருந்த இன்னும் சிலரும் போனார்கள். கயிற்றிலிருந்து பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றதைக் கூட்டுக்குள்ளிருந்து ஷரிபுதீன் பார்த்தார். சந்தோசமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒராள் போதும் என்று கேட்டிருந்தார். அந்த ஒராள் வந்துவிட்டார். ஆனால் திடுக்கிட்டது அவரல்ல.

வேலை முடிந்ததும் அவரும் கடைக்குப் போனார். கொப்பிக் கட்டுகள் வாசல் வரை கிடந்தன. அவற்றின் மேலேயே ஹாஜியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உறை பிரித்த நாவலை, இடது பக்கமாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், மிச்சத்தத் தூக்கிட்டுப் போகவா? கொப்பி வந்திட்டு."

"கொப்பி எங்கயும் கிடக்கும். கயித்துக்குக் கொப்பி என்னத்துக்கு? ஒன்ட பெண்சாதியிட்டச் சொல்லு, இன்னும் உறை தைக்கச் சொல்லி." ஹாஜியார் தலை நிமிரவில்லை. "ஒண்டு மட்டும் சொல்லு. காவல்காரன் அண்டைக்கு எங்க போனான்?"

ஷரிபுதீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எழுதும்போது அவனை எங்கே அனுப்பினோம்? அனுப்பினோமா? அதில் மிஞ்சித் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றைக் கழற்றி, சிவப்பு நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். வாசலில் நின்றபடியே முதல் பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யாரென்றே தெரியாத ஆளைப்போலப் படிக்கத் தொடங்கினார்.

பொத்துவில் பஸ் வந்து நின்றது. சனம் இறங்கியது. இரண்டு மூன்று பேர் கடைப் பக்கம் பார்த்தார்கள்.

"தள்ளி நில்லு மகன்," என்றார் ஹாஜியார், "கயித்த மறைக்கிறாய்."